கன்பிக் அண்ணாச்சியும் காய்ச்சல் கண்ட அன்னமும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் இதுவரை பிறந்தவர்களில், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதற்குக்கூட "செட்டிங் சரியில்லை" என்று காரணம் சொன்ன ஒரே மனிதர் எங்கள் கன்பிக் அண்ணாச்சிதான். யார் வேண்டுமானாலும் பந்தயத்துக்கு வரலாம், நான் தயார்.

"அவ மேலயும் தப்பில்ல, எம் மேலயும் தப்பில்லட்டி. ரெண்டு வேற வேற மெஷினுக்கு ஒரே டிரைவரப் போட்டு ஓட்டிப் பாத்தாக. ஓடுமா? எப்படி ஓடும்?"

இதைச் சொல்லிவிட்டு அவர் வடையைக் கடித்த நிதானத்தைப் பார்த்தபோது, அந்த அம்மாள் செட்டியார்பட்டி அண்ணன் வீட்டுக்குப் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இத்தனை நாள் இருந்ததுதான் ஆச்சரியம்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். காயத்துக்குக் கட்டுகிற துணியைத் தறியில் நெய்து, வெளுத்து, உருட்டி, பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவது கம்பெனியின் வேலை. பெட்டி எண்ணுவது என் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவேன். அதே பஸ்ஸில் அண்ணாச்சியும் வருவார். எண்பதுகளில் தறி மோட்டார் பார்க்கிற எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது ஷாக் அடிக்குமோ என்று எல்லோரும் பத்தடி தள்ளி நிற்க, "கரண்டுல ஓடுறதுதான?" என்று இவர் கிட்டே போனார். போனவர் திரும்பவேயில்லை. கம்ப்யூட்டர் ஆளாகிவிட்டார்.

கன்பிக் என்பது அவர் அப்பா வைத்த பெயர் இல்லை. இந்தக் கம்ப்யூட்டரில் எந்த மவுஸ் மாட்டியிருக்கிறது, எந்த மானிட்டர் மாட்டியிருக்கிறது என்றெல்லாம் எழுதிவைக்கிற கன்பிக் ஃபைல் என்று ஒன்று உண்டாம். உலகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அதில் ஒரு வரி தப்பாக இருக்கும், அவ்வளவுதான், என்பது அண்ணாச்சியின் மதம். பஸ் லேட்டா? கன்பிக். வடையில் உப்பு தூக்கலா? கன்பிக். ஒருமுறை எனக்குக் காது வலித்தபோது, "உன் ஹார்டுவேரு நல்லாத்தான் இருக்கு, எங்கயோ ஒரு வரி மாறிக் கெடக்கு" என்றார். அந்த ஆறுதலுக்குப் பிறகு காதோடு சேர்ந்து தலையும் வலித்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் முதலாளிக்கு ஒரு பயம் பிடித்தது. காசு கொடுக்காத சாஃப்ட்வேர் வைத்திருந்தால் போலீஸ் வந்து கம்ப்யூட்டரோடு ஆளையும் தூக்கிக்கொண்டு போகும் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். முதலாளி தெலுங்கு வீட்டுக்காரர். சாதாரணமாகப் பேசும்போது தமிழ்தான் பேசுவார். பயமோ கோபமோ வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். அன்று முழுக்கத் தெலுங்காக இருந்தது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி உள்ளே போனார். "லினக்ஸ்னு ஒண்ணு மொதலாளி. ஓசி. ஆனா திருட்டு இல்ல. செஞ்சவனே எடுத்துக்கோங்கான்."

"நிஜங்கானா?" என்றார் முதலாளி, பாதி நம்பிக்கையோடு.

அன்றைக்குப் பிடித்தது சனி. சிடி உள்ளே போனது, திரை கறுத்தது, கறுத்தது கறுத்தபடியே கிடந்தது. திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுக்கு அதை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம் எது என்று தெரியவில்லை, மானிட்டர் தாங்குகிற வேகத்தின் நம்பரும் தெரியவில்லை, குத்துமதிப்பாகத்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. "நம்பரு கூடிப்போச்சுன்னா மானிட்டரு புகைஞ்சுரும். வெடிச்சாலும் வெடிக்கும்."

அவ்வளவுதான். பேக்கிங் பெண்களை வெளியே அனுப்பியாயிற்று. மணல் வாளி வந்தாயிற்று. பேண்டேஜ் கம்பெனியில் இருப்பதில் ஒரு சௌகரியம், காயம் படுவதற்கு முன்பே கட்டுத்துணி தயாராக இருக்கும். ஒரு கட்டுப் பஞ்சையும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டையும் மேஜைமேல் பரப்பிவைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒற்றைக் கையால் அண்ணாச்சி என்டர் தட்டுவார். மானிட்டர் "கீ" என்று கத்தும். "எல்லாரும் படுங்க!" என்பார். கணக்கர் சங்கரலிங்கம் சார் நிஜமாகவே படுத்தார், வேட்டியோடு.

இப்படி ஒரு வாரம் போரிட்டதில், ஒருநாள் திரை சாம்பல் நிறமாகி நடுவில் ஒரு பெருக்கல் குறி வந்தது. அண்ணாச்சி கண்ணில் தண்ணீர். முதலாளியைக் கூட்டிவந்து காட்டினோம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இம்புட்டுப் பாடுபட்டு ஒரு பெருக்கலா?" என்றார். "அதுவும் நவுர மாட்டேங்குதே?"

மவுஸ் வேறு பாஷை பேசுகிறதாம், நாம் அதனிடம் வேறு பாஷை பேசுகிறோமாம். அதைத் திருத்த இன்னொரு வாரம். எப்படியோ எல்லாம் ஓடத் தொடங்கியது. எங்கள் பெட்டி லேபிளில் ஒரு அன்னப் பறவை இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்காரனும் ஒவ்வொரு அளவில் பெட்டி கேட்பான். ஒரே அன்னத்தைப் பெரிதாக்கினால் ஓரம் பல் பல்லாகத் தெரியும் என்று, ஒவ்வொரு அளவுக்கும் மவுஸைப் பிடித்துப் புதிதாகவே வரைவார் அண்ணாச்சி. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு அந்தக் கழுத்தை ஒரே இழுப்பில் வளைப்பார் பாருங்கள், என்ன இருந்தாலும் அழகுதான். அதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது.

பிறகு அந்த அன்னத்துக்கு என்னவோ ஆனது.

முதலில் கழுத்தில் ஒரு சின்ன நெளிவு. அப்புறம் முதுகில். ஒரு மாதத்தில் பறவை முழுக்க ரம்பப் பல்லாக நடுங்கியது. லேபிள் அடித்து வந்ததைப் பார்த்துவிட்டு முதலாளி கத்தினார். "ஏமய்யா இதி? அன்னமா, காய்ச்சல் கண்ட கோழியா?"

"மவுஸ் ஆடுது மொதலாளி. ஒரு வரிதான். புடிச்சுருவேன்."

மவுஸைத் திருப்பி உருண்டையைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த எங்கள் பேண்டேஜாலேயே துடைத்தார். ஆடியது. காற்றாடியை நிறுத்தினார். ஆடியது. தறி அதிர்வு தரை வழியாக வருகிறது என்று சொல்லி, முதலாளி கையில் காலில் விழுந்து தறிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தவைத்தார். தறிக்காரர்கள் வெளியே வந்து வரிசையாக நின்று பீடி பிடித்தார்கள். ஊரே அமைதியானது. அன்னம் மட்டும் ஆடியது. "அப்ப கிராபிக்ஸ் டிரைவர்தான்" என்று மதுரையிலிருந்து வேறு கார்டு வாங்கிவந்தார். திரும்பவும் கறுப்புத் திரை, மணல் வாளி, "எல்லாரும் படுங்க." சங்கரலிங்கம் சார் இந்த முறை படுக்கவில்லை, பழகிவிட்டது. புது கார்டிலும் கோழிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சியும் சங்கரலிங்கம் சாரும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி டப்பாவிலிருந்து மோரை ஊற்றினார். சோற்றுக்குப் போனது பாதி, சட்டைக்குப் போனது மீதி. மூடியைத் திரும்பப் போடும்போது அது டப்பாவில் கடகடவென்று தட்டியது. அவர் சட்டென்று கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அழுத்திக்கொண்டார்.

அவர் கை கழுவப் போனதும் சங்கரலிங்கம் சார் தலையைத் தூக்காமல் கேட்டார். "பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"வாயத் தொறந்துராத."

"நான் எதுக்கு சார் தொறக்கப் போறேன்?"

அத்தனை நாளும் அந்த மனிதர் மவுஸை மாற்றி, கார்டை மாற்றி, டிரைவரை மாற்றி, தறியையே நிறுத்திப் பார்த்துவிட்டார். மாற்ற முடியாதது ஒன்றைத்தான் பார்க்காமல் விட்டிருந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரோ என்னவோ. கையைத் தவிர அவருக்கு வேறு என்ன இருந்தது? வீட்டில் ஆளில்லை. மெஸ்ஸில் சாப்பாடு. இந்த ஒரு நாற்காலி.

அந்த நாற்காலிக்கு வேட்டு வைக்க ஒருவர் வந்து சேர்ந்தார். முதலாளியின் மருமகன். கம்பெனியில் எல்லோருக்கும் மாப்பிள்ளை சார். தறிகளை விற்றுவிட்டு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டினால் உட்கார்ந்த இடத்தில் காசு என்பது அவர் கணக்கு. "என் கையெழுத்து ஓடுற வரைக்கும் தறியும் ஓடும்" என்பது முதலாளியின் பதில். மாமாவால் இனி முடியவில்லை, எல்லாவற்றையும் கோட்டை விடுகிறார் என்று காட்ட மாப்பிள்ளை சார் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். காய்ச்சல் கண்ட கோழி லேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருநாள் ஆபீசுக்குள் வந்து நின்றார்.

"மெஷின் ரிப்பேர்னா மெஷின மாத்துவோம். ஆள் ரிப்பேர்னா ஆள மாத்துவோம். எல்லாரும் ஆளுக்கு ஒரு கோடு போடுங்க."

முதல் ஆளாக அவரே உட்கார்ந்து ஒரு கோடு இழுத்தார். நேராக இருந்தது. அண்ணாச்சி சுவரோரம் நின்றார், கை இரண்டும் கக்கத்தில்.

அடுத்து சங்கரலிங்கம் சார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு பைசா தப்பாக எழுதியவர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடு போட்டார் பாருங்கள், சோழபுரத்து வரப்பு தோற்றது. "அய்யோ, எனக்கும் ஆடுதே!" என்றார், நாடகக்காரர் மாதிரி. அடுத்து நான். என் கோடு பிளவக்கல் மலை மாதிரி ஏறி இறங்கியது. பின்னாலேயே பேக்கிங் பெண்கள் வந்தார்கள். மவுஸை அதுவரை தொட்டே பார்க்காதவர்கள். அவர்கள் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை சாருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். "எல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க. மாமா, நீங்க போடுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும் கையைப் பிரித்து, மவுஸைப் பிடித்து, ஒரு கோடு இழுத்தார். ஆடியது. "மெஷின்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியே நம் பக்கம்! சங்கரலிங்கம் சார் என் காலை மிதித்து சந்தோஷத்தைத் தெரிவித்தார்.

மாப்பிள்ளை சார் திரையைப் பார்க்கவில்லை. மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மாமா, நாளைக்குப் புது மவுஸ் வாங்கிட்டு வாரேன். நாளைக்கும் நீங்களே போடுங்க" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நான் மத்தியான வெற்றியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"ஏட்டி, நீங்க போட்டதெல்லாம் பொய்க் கோடு."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமயா? வேணும்னு ஆட்டுனா பெருசு பெருசா வளையும். நெசமா நடுங்குற கையி அப்படிப் போடாது. பொடிப்பொடியா, ஒரே சீரா, நிக்காம வரும். எனக்குத் தெரியாதா?" தன் கையைப் பார்த்துக்கொண்டார். நெடுநாளாக மூடி வைத்திருந்ததை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். "இன்னிக்கு அங்கன நெசக் கோடு ஒண்ணே ஒண்ணுதான். மொதலாளி போட்டது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவியளுக்கும் வந்துருச்சுட்டி. மாப்பிள்ளை பாத்துட்டாரு. நாளைக்குப் புது மவுஸ்லயும் ஆடுச்சுன்னா, கையி ஆடுது, கையெழுத்துப் போட லாயக்கில்லன்னு மூலையில உக்கார வச்சுருவாரு. பொறவு தறி? அம்புட்டுப் பேரு சோறு?"

பஸ் வந்தது.

மறுநாள் எங்களுக்கெல்லாம் முன்னால் அண்ணாச்சி வந்திருந்தார். பெட்டியைப் பிரித்துப் புது மவுஸை அவரே மாட்டினார். முதலாளி உட்கார்ந்து கோடு போட்டார். முன்னைவிட மோசமாக ஆடியது. மாப்பிள்ளை சார் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "புது மவுஸ் மாமா இது" என்று அவர் தொடங்கியபோது, அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

"மாப்பிள்ளை சார், நீங்களும் ஒருக்க போட்டுப் பாருங்களேன்."

அவர் அலட்சியமாக உட்கார்ந்தார். மவுஸைத் தொட்டதுதான் தாமதம், அம்புக்குறி எகிறிக் குதித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கோடு பொடிப்பொடியாக, சீராக, நிற்காமல் நடுங்கியது. இரண்டாவது முறையும் அப்படியே. வியர்த்துவிட்டது அவருக்கு. முந்தாநாள் பிறந்த குழந்தை உட்கார்ந்திருந்தாலும் அந்த மெஷினில் அதேதான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

தோற்ற கோபம் அண்ணாச்சி மேல் திரும்பியது. "புது கார்டு, புது மவுஸ், அப்பவும் இந்த லட்சணம்னா நீ எதுக்குய்யா இருக்க? தப்பு எங்க இருக்கு? சொல்லு!"

எந்தக் கோளாறுக்கும் காரணம் கேட்டால் மூச்சு விடாமல் சொல்கிற மனிதர் தரையைப் பார்த்தார். "தெரியல சார். எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா வீட்டுக்குப் போ."

"வத்து, மாப்பிள்ளை, வேண்டாம்" என்று முதலாளி எழுந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். "இருக்கட்டும் மொதலாளி. எனக்கும் வயசாகுது." முதலாளி அவரையே பார்த்தபடி நின்றார். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பிடித்தேன். "உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? என்ன பண்ணுனீங்க?"

"கத்தாதட்டி. மெஷின் தொடங்கும்போது படிக்கிற ஃபைல்ல கடைசியா ஒரு வரி போட்டேன். கையி ஒரு நூல் அசைஞ்சா அம்பு ஒரு மொழம் ஓடும். இப்ப அங்க யாரு உக்காந்தாலும் என் கையிதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "வேலை போனது கூடப் போகட்டும். தெரிஞ்சே தப்பான வரியப் போட்டுட்டு வந்துருக்கேன் பாரு, அதான் மனசு கேக்கல. மொதலாளி இருக்குற வரைக்கும் அது இருக்கட்டும். பொறவு நீயே எடுத்துரு. கடைசி வரி. மறந்துராத."

நடுரோட்டில் நின்று அழுதேன். எனக்கு வெட்கமாகவே இல்லை.

அதன் பிறகு முதலாளியின் கையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கோணல் கையெழுத்தோ நேர் கையெழுத்தோ, அவர் போட்டார், தறி ஓடியது. அடுத்த வருஷம், ரெண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர் எல்லாம் செத்துப்போகும் என்று ஊரெல்லாம் பேச்சுக் கிளம்பியதே, அந்தப் பீதியில் மாப்பிள்ளை சார் அந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார். கடைசி வரியும் தராசில் ஏறிப் போனது. இதை அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் முதலாளி போய்ச் சேர்ந்தார். தறிக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். இனி தங்கள் கதி என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம்தான் இருக்கிறது. ஏசி வசதி உண்டு.

அண்ணாச்சி பஸ் பிடித்து வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். வலது கையை இடது கை பிடித்திருந்தது, இடது கையும் ஆடியது. மாலையைப் போடும்போது பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. சங்கரலிங்கம் சார்தான் முழங்கையைத் தாங்கிப் போடவைத்தார். பிறகு மெதுவாக வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சங்கு ஊதிக்கொண்டிருந்தது. காதருகே குனிந்தார்.

"ஏட்டி. இனிமே அந்த வரிய எடுத்துரு."

"எடுத்துட்டேன் அண்ணாச்சி. காலையில சேதி வந்ததும் மொத வேலையா எடுத்துட்டேன்."

"போட்டுப் பாத்தியா? கோடு நேரா போகுதா?"

"நூல் புடிச்ச மாதிரி போகுது அண்ணாச்சி" என்றேன்.